பன்றிக்கு ஒதுக்கிய அம்புகள்

முதலில் வந்தது நாற்றம்தான். கச்சான் கடலைப் பாத்திகளுக்குத் தண்ணீர் திறந்துவிட முத்தலிபு காலையில் தோட்டத்துக்குப் போனபோது, காற்று கடலோடு சேர்ந்த களப்புப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்தக் காற்றில் உப்பும் சேறும் அழுகிய கண்டல் இலையும் மணக்கும். அன்று அதற்குள் வேறொன்றும் கலந்திருந்தது. மூடிவைத்து மறந்துபோன இறைச்சிச் சட்டியைத் திறந்தது போன்ற வாடை. அது மூக்கோடு நிற்கவில்லை, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

வேலிக்கு அப்பால், சேற்றுப் பள்ளத்தில் காட்டுப்பன்றி ஒன்று படுத்திருந்தது. விலா எலும்புகளுக்குப் பின்னால், வயிற்றில், முறிந்த அம்பின் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித் தோல் கறுத்து வீங்கியிருந்தது. தோல் அசைகிறதே, மூச்சு விடுகிறதாக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அசைந்தது தோல் அல்ல, புழு.

பன்றி அவனைக் கண்டு எழுந்தது. எழுவதற்கே அதற்கு நிறைய நேரம் பிடித்தது. பின்கால்களை இழுத்துக்கொண்டு கண்டல் மரங்களுக்குள் நுழைந்தபோது அம்புத் துண்டு ஒரு வேரில் பட்டது. அது கத்திய சத்தத்தில் முத்தலிபுவுக்கு வாயில் தண்ணீர் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுகிற தண்ணீர்.

துண்டில் சுற்றியிருந்த நீல நைலோன் நூலை அவனுக்குத் தெரியும். வலைக்காரர்களிடம் வாங்கி, அவனே சுற்றிய நூல். போன வாரம் அவன் விட்ட அம்பு அது. சரியாகச் சொன்னால், அவன் விடவில்லை. கை விட்டது.

இதைக் கொஞ்சம் நின்று விளக்கவேண்டும், ஏனென்றால் அவன் ஊரான எலுவன்குளத்தில் இதை யாரும் நம்பவில்லை.

முத்தலிபு தண்ணீர் இறைக்கும் மெஷின் திருத்துகிறவன். மீதி நேரத்தில் கச்சான் செய்கிறான். பன்றி ஒரே இரவில் ஒரு பாத்தியை உழுதுவிட்டுப் போகும். சுடுவதற்குத் துவக்கு அவனிடம் இல்லை. தொலைபேசியில் வீடியோக்களைப் பார்த்து, பாக்கு மரத்துக் கமுகஞ் சிலாகையைச் சீவி, முதுகில் மூங்கில் பட்டை ஒட்டி, தானே ஒரு வில்லைச் செய்துகொண்டான். மூன்று வில்லுகள் முறிந்தன. நான்காவது நின்றது. ஏன் முறிந்தது, ஏன் நின்றது என்று கேட்டால் அரை நாள் சொல்லுவான்.

வில்லில் கை செய்யவேண்டிய வேலை சின்னது. நாணை இழுத்து வாயின் ஓரத்துக்குக் கொண்டுவரவேண்டும். அங்கே ஒரு கணம் நிறுத்தவேண்டும். பிறகு விரல்களைத் தளர்த்தவேண்டும். வாயின் ஓரம் என்பது சும்மா ஒரு இடமில்லை. அம்பின் பின்முனை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இருந்தால்தான் முன்முனை பார்க்கிற இடத்துக்கு அது போகும். கை இரண்டு விரல்கட்டை முன்னால் நின்றுவிட்டால், அம்புக்கு வேகமும் குறையும், திசையும் பிசகும். பன்றியின் முன்காலுக்குப் பின்னால் இருக்கும் சுவாசப்பைக்குப் போகவேண்டிய அம்பு குடலுக்குப் போகும்.

முத்தலிபுவின் கை முந்தத் தொடங்கியிருந்தது. நாண் வாய்க்கு வந்து சேர முன்னமே விரல்கள் திறந்துவிடும். பயமில்லை, நடுக்கமுமில்லை. தும்மல் வருவது போல அது வரும். வேண்டாம் என்று நினைக்கும்போதே நடந்து முடிந்திருக்கும். தும்மினால் ஒரு ஆறுதல் வருகிறதே, அதே ஆறுதல் இதிலும் வரும். அந்த ஆறுதல்தான் கைக்குக் கிடைக்கிற கூலி. கூலி கிடைத்த வேலையைக் கை மறுபடி செய்யும். வில்லுக்காரர்கள் உலகம் முழுக்க இந்த நோயை அறிவார்கள். குறியைக் கண்ணால் கண்டதுமே விரல் திறக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கவேண்டிய மனிதன் காணாமல் போய்விடுவான்.

பன்றியில் தொடங்கியது, பிறகு வீட்டுக்கும் வந்தது. பின்வளவில் தென்னந்தும்பு அடைத்த சாக்கு ஒன்று தொங்கியது. வெறும் சாக்குக்கு விட்டால் கை ஒழுங்காக நிற்கும். அதில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தானோ, விரல் திறந்துவிடும். தன் கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. பழக்கப்படுத்திய நாய் விருந்தாளியின் மடியில் மூத்திரம் பெய்தது போல.

அன்று பின்னேரம் நிலுக்சன் வந்தான். பக்கத்து மரவள்ளித் தோட்டம் அவனுடையது. மற்ற நேரம் ஓடையில் வள்ளம் கட்டி மீன் பிடிப்பான். முத்தலிபு பன்றி விழுத்தினால் அவன் கொண்டுபோய் வெட்டிக்கொள்வான். முத்தலிபு அதைத் தொடவேண்டியதில்லை, இவனுக்கு இறைச்சி. இருவருக்கும் வசதியான ஏற்பாடு. அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் அவனைக் கூப்பிடுவான்.

"நானா, உங்கட ஆள் என்ட மரவள்ளிக்குள்ள படுத்துக் கிடந்தார்," என்றான்.

"என்ட ஆளா?"

"உங்கட அம்புதானே வயித்தில. பேர் எழுதாததுதான் குறை."

"சாகல்லையா இன்னம்?"

"எங்க சாகுது. பகல்ல சேத்துக்குள்ள கிடக்குது, விடியக்க தண்ணிக்கு வருது. இனி இறைச்சிக்கும் உதவாது. என்ட நாய் கிட்டப் போய் மணந்து பாத்திட்டுத் திரும்பி வந்திட்டுது. கருவாட்டுத் தலை திண்டு வளர்ந்த நாய் அது."

"நாளைக்கு நான் பாக்கிறன்."

"நீங்க பாப்பீங்க. உங்கட கை பாக்குமா?" நிலுக்சன் சிரிக்கவில்லை. "கோவிக்காதீங்க நானா. அது கிழங்கு கிண்டுற இடமெல்லாம் சீழ். பிடுங்கிற கிழங்கைப் பெண்சாதி வீட்டுக்குள்ள எடுக்கிறாள் இல்லை. ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வந்து வெடி வைக்கப் போறன். அதுவரைக்கும் உங்கட கைக்குத் தவணை."

பன்றி வெடி என்பது சாப்பாட்டுக்குள் வெடிமருந்தை ஒளித்து வைப்பது. கடித்தால் வாய்க்குள் வெடிக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்று முத்தலிபுவுக்குத் தெரியும். அவன் விளக்க விரும்பாத ஒரே பொறி அதுதான். போன வருடம் யாரோ வைத்ததை அவனுடைய கன்று கடித்தது. கீழ்த்தாடை தோலில் தொங்கியது. அது தொட்டிக்கு வந்து தண்ணீருக்குள் முகத்தை வைத்தது. குடிக்க வாய் இருக்கவில்லை. தண்ணீர் சிவந்தது. கன்று மறுபடியும் முகத்தை வைத்தது. அந்தத் தொட்டியை அவன் உடைத்துப் போட்டுவிட்டு வேறு கட்டினான்.

இப்போது அந்தக் கன்றின் தாய்ப்பசுவிடம் இன்னொரு கன்று இருக்கிறது. நிலுக்சனின் மரவள்ளி வேலி நல்ல வேலியுமில்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒரு அம்பு. ஒன்றே ஒன்று, சரியான இடத்தில். பொல்லுத்தடியோடு கிட்டப் போக முடியாது. அந்த நிலையிலும் அந்தப் பன்றி ஒரு ஆளின் தொடையைப் பல்லால் திறந்துவிடும். இன்னொரு பிழையான அம்பு விட்டால் அது வேறு யாருடைய காணிக்குள்ளாவது போய்க் கிடந்து நாறும், வெடியும் வரும்.

அடுத்த நாள் அவன் சாக்குக்கு முன்னால் நின்றான். சுண்ணாம்புப் பொட்டு. இழுத்தான். விரல் திறந்தது. அம்பு சாக்கின் ஓரத்தை உரசிக்கொண்டு மதிலில் மோதியது. மறுபடி இழுத்தான். மறுபடியும் மதில்.

மனைவி மர்ளியா கிணற்றடியில் ஓரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கை நிக்குதில்ல," என்றான்.

"கை இல்ல. மூஞ்சி."

"என்ன மூஞ்சி?"

"இழுக்கக்குள்ளயே மூஞ்சியத் திருப்புறீங்க. சத்தி வாற புள்ள மாதிரி. கை வாய்க்கு வருது, வாய் அந்தப் பக்கம் போகுது."

வாந்தி வருகிற பிள்ளை போலவா? அவன் நம்பவில்லை. தொலைபேசியை மதிலில் சாத்திவைத்து, தன்னைத்தானே படம் பிடித்துப் பார்த்தான். உண்மை. நாண் நெருங்க நெருங்க, கீழுதடு உள்ளே போகிறது, கன்னம் விலகுகிறது. வாய், அந்த விரல்கள் தன்னைத் தொடக்கூடாது என்று ஓடுகிறது. ஓடுகிற வாயைக் கை பிடிக்கமாட்டாமல் பாதியில் விட்டுவிடுகிறது.

எந்த அம்பை எடுத்தோம் என்று அப்போதுதான் பார்த்தான்.

மெஷின் வைக்கும் அறையின் சுவரில் இரண்டு கட்டு அம்புகள் தொங்கின. ஒரு கட்டு நல்லது. எல்லாம் ஒரே மூங்கில் புதரிலிருந்து வெட்டியவை. இரண்டு ஆணிகளுக்கு மேல் கிடத்தி, நடுவில் ஒரே இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று பார்த்துப் பொறுக்கியவை. அம்பு நேராகப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். இல்லை. நாண் தள்ளியதும் அது பாம்பு போல நெளிந்து வில்லின் உடம்பைச் சுற்றித்தான் வெளியே போகும். நெளிவு வில்லுக்குப் பொருந்தவேண்டும். மெத்தென்ற தண்டு ஒரு பக்கம் போகும், விறைத்த தண்டு மற்றப் பக்கம். பொருந்தின அம்பு கொஞ்சத் தூரத்தில் நெளிவு அடங்கி, விரல் நீட்டியது போலப் போய்ச் சேரும். இதைச் சொல்லும்போது முத்தலிபுவின் முகம் விளக்குக் கொளுத்தினது போல இருக்கும்.

மற்றக் கட்டு பன்றிக்கு. கழித்துப் போட்டவை: கணு வீங்கியது, வெயிலில் வளைந்தது, இறகு தேய்ந்தது. பன்றி பட்டதை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. அவன் ஒழுங்காகக் கழுவுவான். கழுவினால் சுத்தம்தான், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஆனால் மார்க்கம் சரி என்றதை அவன் வயிறு சரி என்று சொல்லவில்லை. நல்ல அம்பை அதில் கொண்டுபோய்ப் புதைக்க மனம் வரவில்லை. ஆகவே போனால் போகட்டும் என்கிற அம்புகளைப் பன்றிக்கென்று ஒதுக்கினான்.

அங்கேதான் பிழை. ஒன்று, அந்த அம்புகள் எப்படி விட்டாலும் ஒழுங்காகப் போகா. இரண்டு, அதைவிட மோசம். பன்றியின் குடலுக்குள் ஒருமுறை போய்வந்த அம்பை நாணில் பூட்டி, அதைப் பிடித்த விரல்களை வாயோரத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறான். வாய் மறுத்தது. பன்றியைப் பார்க்கிற கண்ணும் சீக்கிரம் முடி என்றது. விரல் இரண்டுபேருக்கும் கீழ்ப்படிந்தது. பழக்கம் முற்றிய பிறகு பொட்டு மட்டுமே போதும் என்றாகிவிட்டது.

கிணற்றடியில் போய் உட்கார்ந்து மர்ளியாவிடம் எல்லாவற்றையும் விளக்கினான். ஆணி, இரும்புத் துண்டு, பாம்பு நெளிவு எல்லாம். அவள் ஒரு ஓராவின் வயிற்றைத் திறந்தாள். பச்சையாய் ஒரு நாற்றம் எழுந்தது.

"கலியாணம் முடிச்ச புதுசில எனக்கு இந்தக் குடல் எண்டாச் சத்தி வரும்," என்றாள். "கண்ண மூடிட்டு ஒரே இழுவையா இழுப்பன். அந்து போகும். பொறகு சட்டி, கை, தாவணி எல்லாம் நாறும். இப்ப பாருங்க." இரண்டு விரலால் மெல்ல இழுத்தாள். குடல் முழுதாக, ஒரு பொட்டலம் போல வந்தது. "அரியண்டம் போகல்ல. இப்பவும் அரியண்டம்தான். அவசரம்தான் இல்ல."

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மீனப் பாத்தது போதும். எழும்பிப் பெய்த்து வேலையப் பாருங்க."

இந்த நோய் முழுதாகத் தீர மாதக்கணக்கில் பிடிக்கும் என்று வீடியோக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். முத்தலிபுவுக்கு முழுதாகத் தீரத் தேவையில்லை. ஒரு அம்புக்குத் தீர்ந்தால் போதும்.

வேலை செய்யாத மெஷினை எப்படிப் பிரிப்பானோ, அப்படியே இதையும் பிரித்தான். குறியைக் காண்பது ஒரு பாகம், விடுவது ஒரு பாகம். இரண்டும் துருவேறி ஒன்றாக ஒட்டிக்கொண்டன. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசைகிறது. பிரிக்க ஒரே வழி, ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப அசைப்பது. முதலில் பார்க்காமல் விட்டான். சாக்குக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, கண்ணை மூடி, நல்ல அம்பொன்றைப் பூட்டி, விரல் வாயோரத்தைத் தொடுவதை மட்டும் கவனித்தான். அந்த அம்பு எந்தப் பன்றியையும் கண்டதில்லை. வாய் ஓடவில்லை.

பிறகு விடாமல் பார்த்தான். இது கடினம். சுண்ணாம்புப் பொட்டுக்கு எதிரே நின்று இழுத்து, வாயோரத்தில் நிறுத்தி, பொட்டைப் பார்த்து, அம்பை விடாமல் நாணை மெல்ல முன்னால் கொண்டுபோய் இறக்கினான். ஆரம்பத்தில் விரல் திறந்து அம்பு ஓடிவிட்டது. அப்போது கொஞ்சம் இழுத்தான், பாதி இழுத்தான், இறக்கினான். வியாழக்கிழமை மாலைக்குள், முழுதாக இழுத்து, பொட்டைப் பார்த்து, இறக்கக் கை இணங்கியது. விடுவதைவிட இறக்குவது பெரிய வேலை. விடாமலிருக்கத் தெரிந்த கைதான் விடுகிறேன் என்று சொல்ல உரிமை உள்ள கை.

பொட்டு போதாது, உருவம் வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. கரித்துண்டை எடுத்தான்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மர்ளியா.

"சாக்கில கீறப் போறன்."

"என்னத்த?"

அவன் கரித்துண்டால் காற்றில் ஒரு நீண்ட மூஞ்சியை வரைந்து காட்டினான்.

"எங்கட வளவுக்குள்ள அந்தப் படமா? தொழுகைக்கு விரிக்கிற பாய் காயப் போடுற இடத்தில? ஆடாக் கீறுங்க."

ஆடாகக் கீறினான். மூஞ்சியை மட்டும் கொஞ்சம் நீட்டினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நிலுக்சன் வந்து வேலிக்கு மேலால் நெடுநேரம் பார்த்தான்.

"இதென்ன நானா, புத்தளம் பஸ்ஸா?"

"ஆடு."

"ஆட்டுக்கு ஏன் வெடி வைக்கோணும் எண்டு யோசிக்கிறன்."

முத்தலிபு இழுத்தான், நிறுத்தினான், இறக்கினான். மறுபடி இழுத்தான், நிறுத்தினான், விட்டான். அம்பு ஆட்டின் முன்காலுக்குப் பின்னால் ஏறியது. நிலுக்சன் எக்கி நின்று அம்பு ஏறிய இடத்தைப் பார்த்தான். போகும்போது, "விடியக்க நானும் வாறன்," என்றான்.

சனிக்கிழமை முத்தலிபு சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் இருவரும் கண்டல் ஓரமாக நடந்தார்கள். காற்று முகத்துக்கு எதிராக வந்ததால் பன்றிக்கு அவர்களின் வாடை போகாது. அதன் வாடை முழுவதும் அவர்களுக்கு வந்தது. நிலுக்சன் சட்டையை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டான். முத்தலிபு கட்டவில்லை, துணி நாணில் படும்.

பன்றி ஓடை விளிம்பில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வயிறு ஒரு பக்கம் பை போலத் தொங்கியது. இலையான்கள் ஈமொய்ப்பாய் மொய்த்து அதன் மேல் ஒரு துணியைப் போலக் கிடந்தன. அது குடிக்கக் குடிக்க, அம்பு நின்ற இடத்திலிருந்து ஏதோ சொட்டியது. தண்ணீர் இல்லை.

முத்தலிபு நல்ல கட்டிலிருந்து எடுத்து வந்த அம்பைப் பூட்டி இழுத்தான். விரல் வாயோரத்தைத் தொட்டது. கண்கள் அந்தக் காயத்துக்குப் போயின.  முடி, முடி என்றது வயிறு. அதே கணம் பன்றி சற்றுத் திரும்பி, தோள் எலும்பை முன்னால் கொண்டுவந்தது. அந்தக் கோணத்தில் விட்டால் அம்பு எலும்பில் நிற்கும்.

நாணை இறக்கினான்.

"ஏன்?" என்று நிலுக்சன் சட்டைக்குள்ளால் கேட்டான். "விடுங்களன்."

முத்தலிபு தலையை மட்டும் ஆட்டினான். அம்பு அதன் இடத்தில் இருந்தது. அவன் வேண்டாம் என்றான், கை கேட்டது. அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை.  அதற்கு நேரம் கொடுத்தான்.

பன்றி மறுபடி பக்கவாட்டில் நின்றது. இழுத்தான். இந்தத் தடவை காயத்தைப் பார்க்காமலிருக்க முயலவில்லை. பார்த்தான், பார்த்துவிட்டுக் கண்ணை முன்காலுக்குப் பின்னால் கொண்டுபோனான். அங்கே சேறு காய்ந்து, குளத்து வண்டல் போலச் சின்னச் சின்னதாக வெடித்திருந்தது. அதில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பையே பார்த்தான். வாய் ஓடவில்லை. அறுக்குமுன் சொல்வது போல இறைவன் பெயரால் பிஸ்மி சொல்வதற்கு இது உணவுமில்லை. போதும் என்று மட்டும் மனதுக்குள் சொன்னான்.

விட்டான்.

பன்றி முன்னால் பாய்ந்து, ஓடைக்குள் முழங்காலிட்டு, விழுந்தது. காலை இரண்டு முறை உதைத்தது. அழுத்தத்தில் வயிறு பழைய காயத்தால் திறந்துகொண்டது. நிலுக்சன் திரும்பி வாந்தியெடுத்தான். முத்தலிபுவும் எடுத்தான், சற்றுத் தள்ளி, வில்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

"இறைச்சி வேணுமா?" என்று கேட்டான்.

"போங்க நானா," என்றான் நிலுக்சன், வாயைத் துடைத்தபடி. "சரி. நாளைக்குப் பூசை முடிஞ்சு சோறு திண்டிட்டுப் படுப்பன். வேற வேலை இல்லை."

நிலுக்சன் கயிறு போட்டு இழுத்தான். முத்தலிபு தொடவில்லை, மண்வெட்டியால் குழி வெட்டினான். தண்ணீர் ஊறும் மண், வெட்ட வெட்ட நிரம்பியது. மூடிய பிறகும் நாற்றம் அங்கேயே நின்றது. அம்பை ஒரு குச்சியால் உருவி, வாழை மட்டைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் மர்ளியா பன்றி அம்புக் கட்டை ஏற்கனவே அவிழ்த்து, வளைந்ததும் வீங்கியதுமாய், பயற்றங்கொடிக்குப் பந்தலாக ஊன்றியிருந்தாள். முத்தலிபு கிணற்றடியில் குந்தி, நல்ல அம்பை வாளித் தண்ணீருக்கு நீட்டினான். அவள் மேலிருந்து ஊற்றினாள். இறகுகள் நனைந்து ஒட்டிக்கொண்டன. காய்ந்தால் எழும்புமா என்று பார்க்கவேண்டும். பழுதானால் புதிது ஒட்டலாம், தண்டு நல்ல தண்டு.

இரும்பு முனையின் பொருத்தில் மஞ்சளாய் ஏதோ அடைந்திருந்தது. அதைக் கண்டதும் மறுபடி அவசரம் வந்தது. வேகவேகமாக ஆட்டினான். ஊற்று, ஊற்று என்றான். அவள் ஊற்றினாள். மண்ணை அள்ளித் தேய்த்தான். மறுபடி ஊற்றச் சொன்னான்.

"எத்தினை?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எண்ணிக்கை கையில் இல்லை. நாலா, அஞ்சா. மண் மூன்றாவதா.

"தெரியல்ல."

மர்ளியா வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். "சரி. முதல்ல இருந்து."

முத்தலிபு அம்பைத் திருப்பி, மஞ்சள் இருந்த பக்கத்தைத் தன் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் மெல்ல ஊற்றத் தொடங்கினாள்.

"ஒண்டு," என்றான்.